வில்கா ஓடையிலேர்ந்து வந்த அரை இலை

மைனஸ் எண்பது.

இந்த நம்பரை மனசுல வச்சுக்கோங்க. நோரெல் டெம்ப்ஸியோட ஃப்ரீசர் கதவுல, சின்னத் திரையில, சிவப்பா எரிஞ்சுக்கிட்டிருந்த நம்பர் அது. வெளியில வடக்கு குயின்ஸ்லாந்து வெயில் தகரக் கூரையைப் பொளந்துக்கிட்டிருக்கும். உள்ள மைனஸ் எண்பது. அந்தக் குளிர்ல எதுவும் கெடாது. அதுல மூணாவது தட்டுல, பிளாஸ்டிக் குழாய் ஒண்ணுல, காட்டு இஞ்சியோட அரை இலை கிடந்துச்சு. ஒரு பொம்பளையோட முப்பது வருஷத்து வேலை நிஜமா பொய்யான்னு சொல்லக்கூடியது உலகத்துல அந்த அரை இலை மட்டும்தான்.

நான் ஆய்வுக்கூட ஊழியர் யூனியன்ல அமைப்பாளரா இருந்தவன். நோரெலை எனக்கு எப்படித் தெரியும்னா, ஒப்பந்தத்தால தெரியும். செடி நோய் ஆராய்ச்சி நிலையத்துல அவளை வருஷா வருஷம் ஒப்பந்தம் போட்டு ஓட்டிக்கிட்டிருந்தாங்க. ஒப்பந்தம் முடியுற ஜூன் மாசம் வந்தா என் ஆபீஸ் படியில உக்காந்திருப்பா. அழமாட்டா, கத்தமாட்டா. கொண்டு வந்த சாண்ட்விச்சைப் பிரிச்சுச் சாப்பிட்டுக்கிட்டே, "ரஸ், இந்தத் தடவையும் அதே கதைதான்"னு சொல்லுவா.

இன்னிஸ்ஃபெயில் பக்கம் கரும்புக்காரங்க வீட்டுப் பொண்ணு. பிரிஸ்பேன் போய்ப் படிச்சுட்டு, ஊருக்கே திரும்பி வந்தவ. அப்படித் திரும்பி வர்றவங்க ரொம்பக் கம்மி. வேலை என்னன்னா, செடிக்கு வர்ற வைரஸைக் கண்டுபிடிக்கிறது, அதோட மரபணுவைப் படிக்கிறது, அது எந்தக் குடும்பம், யாருக்குச் சொந்தம்னு சொல்றது. ஜாதகம் பாக்குற வேலை மாதிரின்னு ஒரு தடவை கிண்டல் பண்ணேன். ஜாதகம் தப்பாப் போனா ஜோசியன் வேலை போகாது, என் வேலை போயிரும்னு சொன்னா.

காட்டுக்குப் போவாங்க. இலையில மஞ்சக் கோடோ புள்ளியோ விழுந்த செடியைப் பாத்தா ஒரு இலையை வெட்டிக்கிட்டு வருவாங்க. பாதி இலை ஃப்ரீசருக்குப் போயிரும். அதை யாரும் தொடக்கூடாது, அது சாட்சி. மிச்சப் பாதியை அரைச்சு, அந்தச் சாறைச் சோதனைச் செடி மேல தேய்ப்பாங்க. சோதனைச் செடிங்கிறது நம்ம பாலைவனத்துக் காட்டுப் புகையிலை. அந்தச் செடிக்கு எதையும் தடுத்து நிறுத்தத் தெரியாது. எந்த வைரஸ் வந்தாலும் கதவைத் தொறந்து விட்டுரும். அதனாலதான் உலகம் பூரா ஆய்வுக்கூடத்துல அதையே வளர்க்குறாங்க. இலை மேல நறநறன்னு கல்பொடியைத் தூவி, விரலால சாறைத் தேய்ச்சு விட்டா, கீறல் வழியா வைரஸ் உள்ள போகும். கூடவே சில செடிக்கு வெறும் தண்ணியைத் தேய்ப்பாங்க. சாறு தேய்ச்சதுல வைரஸ் இருந்து தண்ணி தேய்ச்சதுல இல்லன்னா, அது காட்டுலேர்ந்து வந்ததுன்னு அர்த்தம். இந்தத் தண்ணிச் செடியை மறந்துராதீங்க.

செடி வளர்க்கிற கண்ணாடிக் கொட்டகை டெஸ் பல்ஸ்ஃபோர்டோட ராஜ்ஜியம். வாயாடி. கோடையில சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு ரேடியோவுல கிரிக்கெட் கேட்டுக்கிட்டே விதை போடுவான். நோரெலை அவன் டாக்டர்னு கூப்பிட்டதே இல்ல, 'பாஸ்'னுதான் கூப்பிடுவான், அதுவும் கிண்டலா.

எண்பத்தாறுல வில்கா ஓடைக்கரையில அந்த இஞ்சிச் செடியைப் பாத்தாங்க. மஞ்சக் கோடு. வழக்கம் போல பாதி ஃப்ரீசருக்கு, பாதி அரைக்க. தேய்ச்ச புகையிலையில ஒரு வைரஸ் கிடைச்சுது. மின்னணு மைக்ராஸ்கோப்புல பாத்தா குட்டிக் குட்டி உருண்டை. தெரிஞ்ச வைரஸ் எதோடயும் ஒத்துப்போகல. தண்ணிச் செடி சுத்தம்.

அப்புறம் அதோட மரபணுவைப் படிக்கிறதுலேயே பல வருஷம் போச்சு. இன்னைக்கு மாதிரி மெஷின்ல போட்டுட்டு டீ குடிக்கப் போற வேலை இல்ல அது. எக்ஸ்ரே மாதிரி ஃபிலிமை வெளிச்சப் பெட்டி மேல வச்சு, ஸ்கேலைப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு எழுத்தாப் படிக்கணும். மொத்தமே நாலு எழுத்துதான், அதுவே மாறி மாறி ஆயிரக்கணக்குல வரும். படிச்சு முடிச்சு, உலகத்துல அதுவரைக்கும் படிச்சிருந்த எல்லா வைரஸோடயும் வச்சுப் பாத்தா. சொந்தக்காரன்னு ஒருத்தன் கூட இல்ல. கடைசில, வைரஸ்களை வகைப்படுத்துற உலகக் கமிட்டி அதுக்குன்னு தனிப் பேரினம் ஒதுக்குச்சு. வில்காவைரஸ். ஒரு பேரினம், அதுல ஒரே ஒரு வைரஸ். பெரிய வீட்டுல தனியாளு மாதிரி.

அன்னைக்குச் சாயங்காலம் பப்ல டெஸ் விடல. "ஓடைக்குப் பேர் கிடைச்சிருச்சு பாஸ், உனக்கு என்ன கிடைச்சுது? உன் பேரை வச்சிருக்க வேண்டியதுதானே?"

"வைரஸுக்கு ஆள் பேரை வைக்கக்கூடாது டெஸ். விதி."

"நல்ல விதிதான். என் மாமியார் பேரை வைக்கலாம்னு நெனச்சிருந்தேன்."

அவளுக்குக் கிடைச்சது நிரந்தர வேலை. அந்தப் பேரினத்தைக் காட்டித்தான் நான் சண்டை போட்டு வாங்குனேன். உலகத்துலயே இல்லாத ஒண்ணைக் கண்டுபிடிச்சவளுக்கு வருஷாந்திர ஒப்பந்தமான்னு நோட்டீஸ் அடிச்சு ஒட்டுனோம். நிர்வாகத்துல அசைஞ்சாங்க.

அதுக்கப்புறம் வருஷா வருஷம், மழை விட்டதும், வில்காவைரஸோட சொந்தக்காரனைத் தேடிக் காட்டுக்குப் போவா. அட்டை கடிக்கும், முள்ளுக்கொடி சட்டையைக் கிழிக்கும். ஒண்ணும் கிடைக்காது. வில்கா ஓடைக்கரையை அழிச்சு வாழை போட்டுட்டாங்க, அந்த இஞ்சிச் செடி போன எடம் தெரியல. வேற எந்த இஞ்சியிலயும் அந்த வைரஸ் இல்ல. அபூர்வமானதுன்னு நோரெல் சொன்னா. நாங்களும் நம்புனோம். நடுவுல அவளுக்குக் கல்யாணம் ஒண்ணு நடந்து முறிஞ்சுது, அதைப் பத்தி அவ பேசுனதில்ல, நானும் பேசல.

அப்புறம் ஒரு நாள் யோஸ்ட் டெர்ப்ஸ்ட்ரான்னு ஒரு ஹாலந்துக்காரன் மெயில் போட்டான். சின்ன வயசு. காடே பாக்காதவன். ஊர் உலகத்து ஆய்வுக்கூடமெல்லாம் பொதுவுல போட்டு வச்சிருக்கிற மரபணுத் தகவலைக் கம்ப்யூட்டர்ல சல்லடை போட்டுச் சலிக்கிறதுதான் அவன் வேலை. ரொம்ப மரியாதையா எழுதியிருந்தான். உங்க வில்காவைரஸ் பெல்ஜியத்துல ஒரு ஆய்வுக்கூடத்துல கிடைக்குது, ஜப்பான்ல ஒண்ணுல கிடைக்குது, ரெண்டு பேரும் காட்டு இஞ்சியைக் கண்ணால பாத்ததில்ல, ரெண்டு பேரும் வளர்க்கிறது உங்க நிலையம் எப்பவோ அனுப்பி வச்ச புகையிலை விதை. வைரஸ் விதைக்குள்ளயே இருக்குது, எல்லா விதையிலயும் இல்ல, எப்பவாவது ஒண்ணு ரெண்டுல. இதுக்கு நீங்க என்ன சொல்றீங்க?

நோரெல் அந்த மெயிலை என்கிட்ட வாசிச்சுக் காட்டினா. நேரா கொட்டகைக்குப் போனா, நானும் கூடப் போனேன்.

"டெஸ், தண்ணி தேய்ச்ச செடி இருக்குல்ல, அதுக்கு எந்த விதை போட்டே?"

"கம்பெனிப் பாக்கெட்டு விதை."

"சாறு தேய்க்கிற செடிக்கு?"

"நம்ம சொந்த விதை. அதான் சீக்கிரம் முளைக்கும், நல்லா வரும். வருஷத்துக்குக் கொஞ்சம்தான் தேறும் பாஸ், அதைப் போய் வெறும் தண்ணிக்கு வீணாக்குறதா? உன்கிட்டக் கேட்டுட்டுத்தான் செஞ்சேன்."

"கேட்டே. நான்தான் சரின்னேன்."

புரியுதுங்களா? சாறு ஒரு விதையில வந்த செடி மேல, தண்ணி இன்னொரு விதையில வந்த செடி மேல. வைரஸ் சொந்த விதைக்குள்ள முதல்லேர்ந்தே உக்காந்திருந்தா, சாறு தேய்ச்ச செடியிலதான் தெரியும், தண்ணிச் செடியில தெரியவே தெரியாது. காட்டுலேர்ந்து வந்த மாதிரியே இருக்கும். பணம் கொழிக்கிற ஆய்வுக்கூடத்துல இந்தத் தப்பு நடக்காது. அங்க விதையைப் பாத்துப் பாத்துப் போடமாட்டான். ஒரு கை விதையைக் கஞ்சத்தனமா ஓட்டுற எடத்துலதான் நடக்கும்.

ஆனா இன்னொரு பக்கமும் இருந்துச்சு. வைரஸ் காட்டுலேர்ந்தே வந்து, நம்ம கொட்டகையில புகையிலைக்குள்ள பூந்து, அங்கேர்ந்து விதைக்குப் போயிருக்கலாம்ல? இருக்கலாம். அதைச் சொல்லக்கூடியது அந்த அரை இலைதான். இலையில வைரஸ் இருந்தா அது காட்டு வைரஸ், பேரினம் நிக்கும். இல்லன்னா அவ முப்பது வருஷமாப் படிச்சது டெஸ்ஸோட விதையை.

அப்ப உடனே சோதிக்க வேண்டியதுதானேன்னு கேட்டேன். முட்டாளைப் பாக்குற மாதிரி பாத்தா. நிலையத்துக் கட்டடம் பூரா அந்தப் புகையிலைதான். மேஜையில, குழாய்ல, காத்துல. இப்ப வந்திருக்கிற சோதனை துளி ஒட்டியிருந்தாலும் பிடிச்சிரும், இங்க வச்சுச் சோதிச்சா எதை வச்சாலும் வைரஸ் இருக்குன்னுதான் காட்டும். அந்தச் செடி வாசனையே படாத ஒரு ஆய்வுக்கூடத்துல வச்சுத்தான் இலையைத் தொறக்கணும். மெல்போர்ன்ல, மாட்டு வைரஸ் பாக்குற எடத்துல ஒரு சிநேகிதி செஞ்சு தர்றேன்னு சொல்லியிருந்தா. இலையை அனுப்புறது ஒண்ணுதான் பாக்கி.

அந்த நேரத்துலதான் நிலையத்தை மூடுற பேச்சு வந்துச்சு. மூடுறோம்னு சொல்லமாட்டாங்க, 'மாற்றம்'னு சொல்லுவாங்க. இயக்குனர் ஆலிஸ்டர் ப்ரிடோ. இந்த ஊர்ல எல்லாரையும் பேர் சொல்லி நீ வா போன்னுதான் பேசுவோம், ஆனா இவரை மட்டும் எனக்கு அவரு இவருன்னுதான் வருது. கிட்ட வச்சுக்க மனசு வரல. மாற்றம் முடியுற வரைக்கும் ஒரு குண்டூசி கூட வெளியில போகக்கூடாது, எல்லாத்தையும் கணக்கெடுத்து ஒப்புதல் ஆகணும்னு உத்தரவு போட்டாரு.

அவர் முன்னாடி நானும் நோரெலும் உக்காந்தோம். இது அரை இலை, ஒரு தபால் பெட்டியில உலர்பனி போட்டு அனுப்பிரலாம்னு சொன்னேன். புரியுது ரஸ், ஆனா முன்மாதிரி ஆயிரும்னு சொன்னாரு. எதுக்கு முன்மாதிரின்னு கேட்டேன். பிப்ரவரியில பாக்கலாம்னாரு. நோரெல் ஒரே ஒரு கேள்வி கேட்டா: "அதுவரைக்கும் ஃப்ரீசர் ஓடும்ல?"

"நிச்சயமா. அதுக்கு நான் பொறுப்பு"ன்னாரு ஆலிஸ்டர்.

நவம்பர்ல டெஸ்ஸை வீட்டுக்கு அனுப்புனாங்க. கொட்டகையை மூடியாச்சு, கொட்டகைக்காரன் எதுக்குன்னு கணக்கு. அதையும் எதிர்த்தோம், தோத்தோம். சாவியை வாங்குனாங்க, நிலையத்து ஃபோனை வாங்குனாங்க. பப்ல அவன், "போகட்டும் விடு, ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த ஃப்ரீசர் என்னைக் கூப்பிடாது, பொண்டாட்டி சந்தோஷப்படுவா"ன்னு சிரிச்சான். நாங்களும் சிரிச்சோம். அந்தச் சிரிப்புல ஒரு விஷயம் இருந்துச்சு, யாருக்கும் அன்னைக்கு உறைக்கல.

கிறிஸ்துமஸுக்கு நிலையம் மூடுச்சு. இங்க கிறிஸ்துமஸ்னா மழைக்காலம் ஆரம்பம். எல்லாரும் இரால், பன்னித் தொடை, பீர்னு கடற்கரைக்குப் போயிருவாங்க. நோரெல் டவுன்ஸ்வில்ல தங்கச்சி வீட்டுக்குப் போனா. இடியும் மழையுமா ஒரு நாள் கரண்ட் போச்சு. ஜெனரேட்டர் ஓடுச்சு, பழுதில்ல. கரண்ட் திரும்ப வந்தப்ப அந்த ஒரு ஃப்ரீசரோட பிரேக்கர் மட்டும் விழுந்துருச்சு. ஃப்ரீசருக்குள்ள பேட்டரியில ஓடுற எச்சரிக்கைப் பெட்டி உண்டு. சூடு ஏறுனா அதுவே ஃபோன் போடும். அது தன் வேலையை ஒழுங்காச் செஞ்சுச்சு. டெஸ்ஸோட பழைய நம்பருக்குப் போட்டுச்சு. இந்த எண் உபயோகத்தில் இல்லைன்னு பதில் வந்திருக்கும். திரும்பப் போட்டுச்சு. பேட்டரி இருக்கிற வரைக்கும் போட்டுக்கிட்டே இருந்திருக்கும்.

ஜனவரி முதல் வாரத்துல நோரெல்தான் முதல்ல உள்ள போனா. எனக்குக் கூப்பிட்டு, வர முடியுமான்னு மட்டும் கேட்டா. நான் போறப்ப வராந்தா பூரா ஃப்ரீசர்லேர்ந்து உருகி ஓடுன தண்ணி. பேட்டரி இன்னும் சாகல, கதவுத் திரை மங்கலா எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு. அவ அதைப் பாத்துட்டு, கையுறை கூடப் போடாம கதவைத் தொறந்தா. நாத்தம் அடிச்சுது. தட்டு மேல தட்டா இருந்த டப்பாவெல்லாம் ஊறிச் சரிஞ்சு, மூடி கழண்டு, சோதனைச் செடியிலேர்ந்து எடுத்து வச்சிருந்த முப்பது வருஷத்துச் சாறெல்லாம் மேலேர்ந்து கீழ ஒழுகியிருந்துச்சு. மூணாவது தட்டுல அந்தக் குழாய். இலை பழுப்புக் கூழாக் கிடந்துச்சு. மூடி பாதி வெளியில வந்திருந்துச்சு.

இதை மெல்போர்னுக்கு அனுப்பலாம்னு சொன்னேன். ஏதாவது மிச்சம் இருக்குமேன்னேன். தரையில குந்தி உக்காந்து அந்தக் குழாயை வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தா.

"வைரஸ் இல்லன்னு வந்தா, சூட்டுல அழிஞ்சிருக்கும். இருக்குன்னு வந்தா, மேல் தட்டுலேர்ந்து புகையிலைச் சாறு ஒழுகி இதுல விழுந்திருக்கும். எது வந்தாலும் அதுக்கு அர்த்தம் இல்ல ரஸ்."

"அப்ப இனிமே தெரியவே தெரியாதா?"

"தெரியாது."

அவ்வளவுதான். துடைப்பத்தை எடுத்துத் தண்ணியைத் தள்ள ஆரம்பிச்சா. அந்த வேலைக்கு ஆள் இல்லன்னும் அவளுக்குத் தெரியும்.

ஆலிஸ்டர் வந்து பாத்தாரு. துரதிர்ஷ்டம்னாரு. யார் பொறுப்புன்னு கேட்டேன். எச்சரிக்கைப் பெட்டி சரியாத்தான் வேலை செஞ்சிருக்குன்னாரு. பெட்டி செஞ்சுச்சு, சரிதான். அதோட நம்பரை மாத்தணும்னு ஒருத்தனுக்கும் தோணல. மாத்தத் தெரிஞ்ச ஒரே ஆள் டெஸ். அவனைத்தான் நவம்பர்லயே அனுப்பியாச்சே.

மார்ச்ல கமிட்டியிலேர்ந்து கேட்டாங்க. வில்காவைரஸ் பேரினத்தை ரத்து பண்ணணும்னு டெர்ப்ஸ்ட்ரா முன்மொழிஞ்சிருக்கான், உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?

அவ வீட்டு சமையலறையில உக்காந்து பேசுனோம். நான் நாப்பது வருஷம் பேரம் பேசுனவன். எதிராளி கையில ஆதாரம் முழுசா இல்லன்னா ஒரு அங்குலம் விடக்கூடாது. அதைத்தான் சொன்னேன். அவனாலயும் நிரூபிக்க முடியாது, இலை போச்சு, சந்தேகத்தோட பலன் உனக்குத்தான், ஒரு வரி எழுது, ஆட்சேபம்னு எழுது, பேரினம் நிக்கும், நீயும் நிப்பே. வேலையை வெட்டுற பட்டியல் ஏப்ரல்ல வருது. அந்தப் பேரினம்தான் உன் வேலைக்கு ஒரே கால்.

அவ டோஸ்டுல வெஜிமைட்னு எங்க ஊர்க் கறுப்பு உப்புப் பசையை ஓரம் வரைக்கும் தடவி முடிச்சுட்டுத்தான் பேசுனா.

"அது வேலைத் தகராறுல செல்லும். இங்க அது செல்லாது. இருக்குன்னு சொன்னவ நான். காட்ட வேண்டியவளும் நான்தான். என்னால காட்ட முடியல."

"வெளியில போயிருவே நோரெல்."

"தெரியும்."

"ஒருவேளை அது நிஜமாவே காட்டுலேர்ந்து வந்திருந்தா?"

அப்பதான் முதல் தடவையா அவ முகம் கோணுச்சு. "அப்படின்னா ஓடையோட அதுவும் போயிருச்சு. அப்படி ஒண்ணு இருந்துச்சுன்னு சொல்றதுக்கு இனி ஆள் இல்ல. அதைத்தான் என்னால நெனச்சுப் பாக்க முடியல ரஸ், பேசாம டீயைக் குடி."

ஆட்சேபம் இல்லன்னு எழுதுனா. அதோட நிக்கல. தண்ணிச் செடிக்கு வேற விதை போட்ட கதையையும் எழுதி, அது தன் முடிவுன்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டா. டெஸ் பேர் அதுல எங்கயும் இல்ல. இதைச் சொன்னப்ப டெஸ் பப்ல ஜோக் அடிக்கல. குடிச்ச பீரைப் பாதியில வச்சுட்டு எழுந்து போயிட்டான்.

கமிட்டி ஓட்டுப் போட்டு ரத்து பண்ணுச்சு. டெர்ப்ஸ்ட்ரா அவளுக்கு நன்றின்னு எழுதினான், அவனைக் குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல, அவன் வேலையை அவன் செஞ்சான். ஏப்ரல் பட்டியல்ல நோரெல் பேர் முதல் பக்கத்துல இருந்துச்சு. மனு போட்டேன். எதை வச்சு எதிர்க்குறீங்கன்னு கேட்டாங்க. காட்டுறதுக்கு இருந்த ஒரே பேரினமும் ரத்தாகியிருந்துச்சு. வழியனுப்புறதுக்கு லாமிங்டன் கேக் வாங்கி வச்சிருந்தாங்க. அவ வரல. மேல தூவுன தேங்காய்த்தூள் காஞ்சு உதிர்ந்து, சாயங்காலம் கேக் குப்பைக்குப் போச்சு.

இப்ப டவுன்ஸ்வில்ல இருக்கா. தங்கச்சியோட செடிக்கடையில கல்லாவுல உக்காருவா. ஒரு தடவை போயிருந்தேன். யாரோ ஒருத்தர் மஞ்சக் கோடு விழுந்த இலையைக் கொண்டு வந்து இது என்ன நோய்னு கேட்டாரு. அவ கையில வாங்கக்கூட இல்ல. தெரியலன்னு சொல்லிட்டு உரப் பைக்கு பில் போட்டா.

நிலையத்தை மூடிட்டாங்க. மூடுனதைப் பத்தி பளபளன்னு ஒரு அறிக்கை விட்டாரு ஆலிஸ்டர். அதுல பன்னெண்டாம் பக்கத்துல, குளிர்பதனச் சேகரிப்பு மொத்தமும் மாற்றக் காலம் முழுக்க உரிய வெப்பநிலையில பாதுகாக்கப்பட்டதுன்னு போட்டிருக்கு.

ஜனவரியில அந்தக் கதவுத் திரையில இருந்த நம்பரை நானும் பாத்தேன்.

பிளஸ் இருபத்தேழு.